பாங்கொக்கில் ஒரு பவுசர் வரிசை

தண்ணீர் நிறைகிற சத்தத்தைக் கேட்டே, பாத்திரம் இன்னும் எத்தனை விரற்கடை வெறுமையாக இருக்கிறது என்று சொல்லக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் யாழ்ப்பாணத்தில் எங்கள் நாரந்தனையில் இருக்கிறார். தண்ணீர் பவுசர், அதுதான் தாங்கி வைத்த தண்ணீர் லொறி, ஓட்டுகிறார். எண்பது வயது ஆச்சிக்கும் அவர் பவுசர் அண்ணை, என்னுடைய நாலு வயது மகளுக்கும் அவர் பவுசர் அண்ணை. சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். கடவுச்சீட்டில் பார்த்தேன். ஏதோ வேறு யாருடையதையோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டாரோ என்று ஒரு கணம் பயந்து போனேன்.

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பாதி உப்பு. குடிக்கிற தண்ணீர் பவுசரில்தான் வரும். சந்தியில் அவர் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தால் பிளாஸ்டிக் கான்களோடு ஓட வேண்டும். ஓடினாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும். கானுக்குள் குழாயை விட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். சத்தம் மெல்ல மெல்ல உயர்ந்து வரும். விளிம்புக்கு ஒரு விரல் இருக்க, கண்ணைத் திறக்காமலே குழாயை மூடி, "அடுத்தது" என்பார். ஒரு சொட்டுக் கீழே விழாது.

ஒருமுறை எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அக்கா ஒருத்தி அந்தத் தண்ணீரைக் குரோட்டன்சுச் செடிக்கு ஊற்றியது அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த தரம் வரிசையில் வைத்து, மிக மரியாதையாகக் கேட்டார்:

"பிள்ளை, உம்மடை குரோட்டன்சுக்குக் குடும்ப அட்டை இருக்கோ?"

அக்கா அன்றைக்கே அந்தப் பூச்சாடியைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள்.

கல்யாண வீடுகளில் யாராவது அரைக் கிளாஸ் தண்ணீர் மிச்சம் விட்டு எழும்பினால், எடுத்து மடக்கென்று தானே குடித்துவிடுவார். மழையைக்கூட அவருக்கு முழுதாகப் பிடிக்காது. "வரிசை தெரியாத தண்ணி" என்பார்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் தண்ணீர்த் திருவிழா நடக்கிற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தெரியாமல்தான். ஆனாலும் பிழை என்னுடையதே.

அவருடைய ஒரே மகள் மதி என்னோடு படித்தவள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வெளிநாடு போய் அகதியாகப் பதிந்தவள். அவளிடம் இருக்கிற பயணப் பத்திரத்தோடு எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் வர முடியாது. இப்படிப்பட்ட பிள்ளைகளும் பெற்றோரும் மூன்றாவது நாடு ஒன்றில் சந்திப்பது எங்கள் ஊரில் வழக்கம். அநேகமாக இந்தியா. மதிக்கு இந்திய விசா சரிவரவில்லை, தாய்லாந்து சரிவந்தது. பவுசர் அண்ணை கொடிகாமத்துக்கு அங்கால் தனியாகப் போய் அறியாதவர். "நீ கூட வா, டிக்கற் நான் போடுறன். போற நாளையும் நீயே பாத்துச் சொல்லு" என்று மதி என்னிடம் சொன்னாள்.

நான் ஆசிரியை. லீவு பிரச்சினை வராத நாளாகப் பார்த்தேன். சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. புத்தாண்டு எங்களுக்கு மட்டும் பிறக்கிறது என்று நான் எப்படி நினைத்தேனோ தெரியாது. அதே நாளில் தாய்லாந்துக்காரருக்கும் புத்தாண்டு. அவர்கள் அதைத் தெருவில் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடுகிறவர்கள். பிள்ளையின் தடிமல் மருந்தைப் பற்றி மூன்று நாள் யோசித்த நான், இதைப் பற்றி மூன்று நிமிடம் விசாரிக்கவில்லை. மகளை விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை, கொண்டு போகவும் பயம். கடைசியில் கொண்டு போனேன். அது சரியோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

மலிவு டிக்கற். ஆளுக்கு ஒரு முதுகுப்பை மட்டும். பவுசர் அண்ணை கொண்டு வந்தது மதியின் பழைய பள்ளிக்கூடப் பை. அலுமாரிக்குள் பத்திரமாக இருந்ததாம். இழுத்துப் பூட்டுகிற சிப் பழுதாகி, நைலோன் கயிற்றால் கட்டியிருந்தார். உள்ளே ஒடியல், பனங்கட்டி, இரண்டு பெரிய போத்தல் தண்ணீர்.

விமான நிலையத்தில் அதிகாரி தண்ணீர்ப் போத்தல்களைக் குப்பைக்கூடைக்குள் போடச் சொன்னார். பவுசர் அண்ணையின் முகம் இருண்டது.

"கேளும் பிள்ளை, குடிக்கலாமோ எண்டு."

கேட்டேன். குடிக்கலாமாம். ஒரு போத்தலை அவர் நின்ற நிலையில் குடித்து முடித்தார். மற்றதில் பாதி எனக்கு.

"ஏலாது அண்ணை."

"குடியும். நாரந்தனையிலை இருந்து வந்த தண்ணி. குப்பைக்கை போடுறதுக்கே நான் சுமந்தனான்?"

குடித்தேன். மகளும் குடித்தாள். மிச்சத்தைப் பின்னால் நின்ற ஒரு சிங்களக் குடும்பத்துக்கு நீட்டினார். அவர்கள் பயத்தில் குடித்தார்கள். அதன் விளைவாக விமானத்தில் முக்கால்வாசி நேரம் நாங்கள் கழிப்பறை வாசலில் நின்றோம். அங்கேயும் சனம் முண்டியடிக்கக் கண்டு, பவுசர் அண்ணை கையைத் தூக்கி எல்லோரையும் வரிசையில் விட்டார். பணிப்பெண் அவருக்கு நன்றி சொன்னாள்.

ஒரு சின்னக் குப்பியை மட்டும் விமான நிலைய அதிகாரி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பழைய இருமல் மருந்துக் குப்பி. உள்ளே மருத்துநீர். புத்தாண்டு அன்று மூத்தவர்கள் இளையவர்களின் தலையில் வைத்து, பிறகு முழுகச் சொல்வார்களே, அது. கோயில் ஐயரைப் பிடித்து ஒரு நாள் முந்தியே வாங்கியிருந்தார்.

"பன்ரண்டு வருசமா அவளுக்கு மருந்து வைக்கேல்லை" என்று சொல்லி, குப்பியைச் சேட்டுப் பைக்குள் வைத்து, பையின் வாய்க்குச் சட்டை ஊசி குத்திக்கொண்டார்.

புத்தாண்டு அன்று காலை பாங்கொக்கில் இறங்கினோம். மதி முதல் நாளே வந்து, முதுகுப்பைக்காரர்கள் தங்குகிற தெரு ஒன்றில் அறை எடுத்திருந்தாள். மத்தியானத்துக்குள் அங்கே போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. நான் விடுதியின் முகவரியை மூன்று இடத்தில் எழுதி வைத்திருந்தேன். போனில், கைப்பைக்குள் ஒரு கடதாசியில், தொலைந்துபோனால் உதவும் என்று மகளின் கையில் நீலப் பேனையால். பொறுப்பான தாய் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பஸ் விடுதித் தெருவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றது. வீதி மூடியிருக்கிறது, இறங்கி நடக்கச் சொன்னார்கள். இறங்கி இருபது அடி நடந்திருக்க மாட்டோம். ஒரு வயதான அம்மா அருமையாகச் சிரித்துக்கொண்டு வந்து, ஒரு சட்டி ஐஸ் தண்ணீரை என் கழுத்துக்குள் ஊற்றினார். மற்றப் பக்கத்திலிருந்து தண்ணீர் பீச்சுகிற பிளாஸ்டிக் துவக்குகளோடு ஒரு படை. வாகனங்களின் மேல் பீப்பாய்கள். தெரு முழுக்க ஆயிரக்கணக்கான சனம், எல்லோர் கையிலும் தண்ணீர். மகள் சந்தோஷத்தில் கிரீச்சிட்டாள். நான் அவளுடைய நெஞ்சுச்சளியை நினைத்துக் கிரீச்சிட்டேன்.

பவுசர் அண்ணை அசையாமல் நின்றார். தலையிலிருந்து வழிந்து மீசையில் தொங்கிய தண்ணீரை நாக்கால் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"ஐயோ பிள்ளை, நல்ல தண்ணி! உப்பே இல்லை!"

"அண்ணை, கெதியா வாங்கோ."

"உவங்களுக்கு விசரே? குடிக்கிற தண்ணியை றோட்டிலை ஊத்துறாங்கள்!"

அதற்குள் ஒரு பொடியன் வெள்ளைச் சாந்தைக் குழைத்து அவருடைய முகத்தில் பூச வந்தான். அந்த ஊர் விளையாட்டு அது. விபூதி என்று நினைத்த பவுசர் அண்ணை, செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து நெற்றியைக் காட்டினார். பொடியன் குழம்பிப் போய்க் கும்பிட்டான். இவரும் கும்பிட்டார். ஒரு செருப்பைச் சனம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

ஒரு கடை வாசலில் ஒதுங்கி முகவரியைப் பார்த்தேன். போன் கறுத்துப் போயிருந்தது; மதியின் இலக்கமும் அதற்குள்தான். கடதாசி கூழாகியிருந்தது. மகளின் கையில் ஒரு நீலக் கறை மட்டும் மிச்சம். விடுதிப் பெயரில் 'கார்டன்' என்று ஒரு சொல் இருந்தது நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய பலகைகளில் நாலு கார்டன் தெரிந்தன. நாலிலும் ஏறி இறங்கினோம். மதி இல்லை.

மூன்று நாளில் மதி திரும்பிவிடுவாள். இனி எப்போது விசா, எப்போது லீவு, யாருக்குத் தெரியும். வேறு யாராவது கூட வந்திருந்தால் பயண நாளையாவது ஒழுங்காகப் பார்த்திருப்பார்கள். விம்மலோடு சொன்னேன்.

"அண்ணை, விலாசம் அழிஞ்சு போச்சு. மதியை எங்கை தேடுறது எண்டு எனக்குத் தெரியேல்லை."

அவர் என்னை ஏசவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். தெருமுனையில் ஒரு பெரிய நீலப் பீப்பாய். அதற்குள் ஒரு குழாய் திறந்தபடி கிடந்தது. ஆட்கள் முண்டியடித்துத் துவக்குகளுக்குத் தண்ணீர் நிரப்பினார்கள். மிச்சம் வழிந்து வடிகாலுக்குள் ஓடியது.

"பிள்ளை, எங்கடை ஊரிலை ஒராளைக் காணவேணுமெண்டால் எங்கை போவீர்?"

யோசித்தேன். "பவுசர் நிக்கிற இடத்துக்கு."

"அவ்வளவுதான். தண்ணி நிரப்பிற இடத்திலை நிப்பம். தேடுற ஆக்கள் தண்ணிக்கு வந்துதானே ஆகவேணும்."

ஒற்றைச் செருப்போடு போய்க் குழாயைக் கையில் எடுத்தார். முதலில் தண்ணீரை மூடினார். அந்த முனையில் திடீரென்று ஓர் அமைதி. பிறகு வலது கையைத் தூக்கினார். நாரந்தனைச் சந்தியில் தூக்குகிற அதே கை.

"வரிசை! வரிசை! தம்பி, நீர் பின்னாலை போம். சின்னப் பிள்ளையள் முன்னுக்கு."

ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கியிராது. இதுவும் திருவிழாவில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். நெற்றியில் வெள்ளை பூசி, பள்ளிக்கூடப் பை மாட்டிய பெரியவர் ஒருவர் கையைத் தூக்கினால் யார்தான் நிற்க மாட்டார்கள்? நின்றார்கள். தாய்லாந்துக்காரர் நின்றார்கள். வெள்ளைக்காரர் நின்றார்கள். பிளாஸ்டிக் துவக்குகளைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர், இருபது பேர், பிறகு கடைத்தொகுதியைச் சுற்றி வளைந்து போகிற ஒரு வரிசை. பவுசர் அண்ணை ஒவ்வொரு துவக்குக்குள்ளும் குழாயை விட்டு, கண்ணை மூடிச் சத்தம் கேட்டு, விளிம்பில் நிறுத்தி, "அடுத்தது" என்றார். சீக்கிரமே வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஒன்றாக "அடுத்தது!" என்று கத்தத் தொடங்கினார்கள்.

நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். கண்ணை மூடியபடியே மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை, அவளுக்கு என்னை அடையாளம் தெரியுமோ?"

"வீடியோவிலை கதைக்கிறனீங்கள்தானே அண்ணை?"

"அதுக்கு நான் தொப்பியைப் போட்டுக்கொண்டெல்லோ இருக்கிறனான். தலைமயிர் போனது அவளுக்குச் சொல்லேல்லை. முன் பல்லு ரெண்டும் போயிட்டுது, அதாலை சிரிக்கிறேல்லை. அவள் போகேக்கை நான் வேறை மாதிரி இருந்தனான்."

"தெரியும் அண்ணை" என்றேன். நிச்சயமாகத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு நிச்சயமில்லை.

வரிசை நகர்ந்தது. ஒரு மஞ்சள் துவக்கு. ஒரு வாளி. ஒரு தொப்பி. பிறகு ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தல் நீண்டது. பவுசர் அண்ணை வழக்கம்போலக் கண்ணை மூடி, சத்தம் கேட்டு, ஒரு விரல் இருக்கக் குழாயை மூடினார்.

"அடுத்தது."

போத்தல் நகரவில்லை.

"அப்பா, என்ரை நிறையேல்லை."

அவர் கண்ணைத் திறந்தார். மதி நின்றாள். உடம்பு முழுக்க ஈரம். கண்ணாடி போட்டிருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். போனில் தெரியாத இரண்டொரு நரைமயிர் அவளுக்கும் இருந்தது.

பவுசர் அண்ணை முதலில் கேட்டது இதுதான்.

"வரிசையிலைதானே வந்தனீ?"

"ஓம் அப்பா. கடைசியிலை நிண்டு வரிசையிலைதான் வந்தனான்."

பிறகு என்னிடம் சொன்னாள்: "மத்தியானத்திலை இருந்து தேடுறன். பாலத்துக்கு மேலை நிண்டு பாத்தன். இவ்வளவு சனத்துக்கை ஒரு இடத்திலை மட்டும் வரிசை தெரிஞ்சுது. அப்பாவைத் தவிர வேறை ஆர் வைக்கிறது?"

அவர் சேட்டுப் பையின் ஊசியைக் கழற்றினார். மூன்று தரம் முயல வேண்டியிருந்தது. குப்பிக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அந்தத் தெருவில் மதி தலையைக் குனிய, மருத்துநீரை அவளுடைய உச்சியில் வைத்துத் தேய்த்தார். பின்னால் நின்றவர்கள் அதுவும் தங்களுக்கு உண்டுபோலும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார்கள்.

"மருந்து வைச்சால் முழுகோணும்" என்றார் பவுசர் அண்ணை, மதி நிமிர்ந்ததும்.

"இந்த ஊரிலை அதுக்கோ அப்பா கஷ்டம்?"

யாரோ நிரப்பி வைத்திருந்த வாளியை எடுத்து அவளுடைய தலையில் முழுதாகக் கவிழ்த்தார். வரிசை முழுக்கக் கைதட்டியது. அவர் சிரித்தார், முன் பல் இல்லாத வாயால், மறைக்காமல். வாளியைக் குழாயின் கீழ் வைத்துத் திறந்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை, சத்தம் கேட்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். வாளி நிறைந்து, விளிம்பைத் தாண்டி வழிந்து, தெருவில் ஓடத் தொடங்கியது.

பழக்கதோஷத்தில் நான் குழாயை மூடப் போனேன். பிறகு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.