சென்ற மாதம் நான் வாசிக்காத மூன்று புத்தகங்கள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வாழ்நாளில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நான் வாசித்து முடித்தது பஸ் டிக்கட் ஒன்றைத்தான். (பின்பக்கத்தில் ஏதும் இருந்ததா என்று இன்றுவரை பார்க்கவில்லை.) புத்தகங்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இரண்டாம் பக்கத்துக்கு வருவதற்குள் தூங்கிவிடுவேன், அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து ஆளுக்கொரு பையோடு வெளியேறி வந்த நாங்கள் புத்தளத்துக்குப் பக்கத்தில் கனமூலை என்ற ஊரில் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். நான் புத்தளத்தில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞன். காலையில் பஸ்ஸில் நின்றபடி போய், நாள் முழுக்க விண்ணப்பங்களின் முதல் வரியை மட்டும் பார்த்து முத்திரை குத்தி, மாலையில் பஸ்ஸில் நின்றபடியே திரும்பி வருவேன். அந்த நாட்களில் என்னை யாராவது சுவரில் சாய்த்து வைத்திருந்தால் அப்படியே இருந்திருப்பேன்.

வீட்டில் வாசிப்பவள் என் மனைவி பரீனா. அலுவலகத்துக்குப் பக்கத்திலிருந்த நூலகத்தில் என் பெயரில் அட்டை எடுத்து, அவளுக்குப் புத்தகங்கள் சுமந்து வருவது என் வேலை. மாலையில் கையில் பிளேன்டீயைத் தந்துவிட்டு, இடியப்பம் பிழிந்துகொண்டே அவள் வாசித்த கதையைச் சொல்வாள். நான் கதிரையில் சாய்ந்து கேட்பேன். கதை கேட்கும்போது மட்டும் எனக்குத் தூக்கம் வந்ததில்லை.

என் மோசடி அந்த நூலகத்தில்தான் தொடங்கியது. ஒருநாள் நூலகர் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்களப் போல வாசிக்கிற ஆள் இந்த டவுன்லயே இல்ல, ஹனீபா நானா" என்றார். (எங்கள் பக்கத்தில் அண்ணனை நானா என்போம்.) 'நானில்லை, மனைவி' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நேரம் கிடைக்கிறதுதான் கஷ்டம்" என்ற வசனம் வெளியே வந்தது.

அந்த நூலகத்தில் ஒரு வாசகர் வட்டம் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். யாராவது ஒருவர் எழுந்து, சென்ற மாதம் தான் வாசித்தவற்றைப் பற்றிப் பேசவேண்டும். செயலாளர் சிவபாக்கியம் ரீச்சர். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து புத்தளத்திலேயே தங்கிவிட்டவர். நூலகர் என்னைப் பற்றி அவரிடம் ஏற்றிவிட்டிருக்கிறார்.

"ஹனீபா, வாற மாசம் நீங்கள்தான் கதைக்கவேணும். மாட்டன் எண்டு சொல்லக் கூடாது."

மாட்டேன் என்று சொல்லக் கூடாது என்றால் நான் என்ன செய்வது? "ஓம் ரீச்சர்" என்றேன். (வீடு வந்து சேரும்வரை மனதுக்குள் என் கழுத்தில் ஒரு பூமாலையும் விழுந்துகொண்டிருந்தது.)

விசயத்தைச் சொன்னபோது பரீனா சிரிக்கவில்லை. "வாசிக்கிறது என்ட பொஞ்சாதிண்டு செல்லிப்போடுங்களேன்."

"அது சரிவராது. பேர் கெட்டுப் போகும்."

"யார்ட பேர்?"

நான் பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தேன். பாவம், அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த மாதத்து மூன்று புத்தகங்களில் முதல் இரண்டையும் எனக்குத் திரும்பவும் சொல்லித் தந்தாள். ஆட்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதியும் தந்தாள். மூன்றாவது ஒரு நாவல். மன்னாரிலிருந்து வந்து புத்தளத்தில் வாழும் ஒருவன், யுத்தம் முடிந்தபிறகு தன் பழைய வீட்டைத் தேடிப் போகிற கதை.

"அந்த மூணாவது கதையில ஒரு விசயம் செல்லணும்" என்றாள்.

"அது எனக்கு நல்லா ஞாபகம் இரிக்கி. தாள்கூடத் தேவையில்ல."

"இல்ல, இஞ்ச கேளுங்களேன்..."

"நாளைக்குச் செல்லு புள்ள. களைப்பா இரிக்கி."

அந்த வாரம் முழுக்க எனக்குக் களைப்பாகவே இருந்தது. ஒவ்வொரு நாளும் 'நாளைக்கு' என்றேன். ஞாயிறு வந்துவிட்டது.

பரீனாவும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். இருபது முப்பது பேர் இருந்தார்கள். முன்வரிசை ஓரத்தில் தாடி வைத்த ஒரு மனிதர். நான் இதற்குமுன் கண்டதில்லை. முதல் இரண்டு புத்தகங்களையும் தாளைப் பார்த்து ஒருமாதிரிக் கரைசேர்த்தேன். ரீச்சர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அந்தத் தலையாட்டல்தான் எனக்குக் கேடாகப் போயிற்று. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"மூன்றாவது நாவலை நான் இரண்டு முறை வாசித்தேன்" என்று தொடங்கினேன். (இரண்டு முறை! ஒரு முறை என்று சொல்லியிருந்தாலாவது பாவம் பாதியாகியிருக்கும்.)

பரீனா இருமினாள். அவளுக்குத் தூசு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்தேன்.

"வீடு இருந்த இடம் காடாகிக் கிடக்கிறது. ஆனால் கிணறு இருக்கிறது! அவன் அந்தத் தண்ணீரை ஒரு போத்தலில் அள்ளிக்கொண்டு புத்தளம் வருகிறான். படுக்கையில் கிடக்கிற உம்மா அதைக் குடித்துவிட்டு, 'நம்மட தண்ணிதான்' என்று எழுந்து உட்கார்கிறா..."

பரீனா இப்போது கையை அசைத்துக்கொண்டிருந்தாள். உணர்ச்சிவசப்பட்டு மூக்கைத் துடைக்கிறாள் என்று எண்ணி நானும் குரலைத் தழதழக்க விட்டேன். "அந்தப் போத்தல் காட்சியை வாசித்தபோது நான் அழுதுவிட்டேன். இதுபோல ஒரு முடிவை எழுதிய கைக்கு முத்தம் கொடுக்கவேண்டும்."

சிவபாக்கியம் ரீச்சர் பூரிப்போடு எழுந்தார். "குடுங்கோ, இப்பவே குடுங்கோ! உங்களுக்குச் சொல்லாமல் வைச்சிருந்தனான். அந்த நாவலை எழுதினவர் இவர்தான்" என்று தாடிக்காரரைக் காட்டினார்.

தாடிக்காரர் கையை நீட்டவில்லை. மெதுவாகக் கேட்டார். "நானா, எந்தப் போத்தல்?"

"கிணற்றுத் தண்ணீர்ப் போத்தல்..."

"என்ட கதையில போத்தல் இல்லையே. கிணறும் தூர்ந்து போச்சு. அவன் திரும்பி வாறதுக்கு முந்தி உம்மா கண்ண மூடி மவுத்தாப் போயிடுறா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முன்வரிசைவரை நடந்து வந்தது. நான் சட்டைப் பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்தேன். அதில் மூன்றாவது புத்தகத்துக்கு இடம் வெறுமையாக இருந்தது.

அப்போது பரீனா எழுந்தாள். "பிழை என்ட பக்கம் சேர். இவர் வாசிக்கல்ல. வாசிச்சது நான். இவருக்குக் கதைய மாத்திச் செல்லினதும் நான்தான்."

"ஏன் மாத்தினீங்க?" என்றார் எழுத்தாளர். கோபமாகக் கேட்கவில்லை.

"நாங்களும் மன்னார்தான். எங்கட ஊட்டுலயும் ஒரு கிணறு இருந்த. இவர்ட உம்மாவும் இஞ்ச வந்துதான் மவுத்தான. அண்டைக்கு இவர் பஸ்ஸால இறங்கி வந்து, சப்பாத்தக்கூடக் கழட்டாம கதிரையில உழுந்து, 'கடைசியில என்ன நடந்த'ண்டு கேட்டார். அந்த முகத்தப் பாத்து எப்பிடிச் செல்லுற? ஏலாமப் போச்சு. போத்தல அப்பதான் யோசிச்ச."

சிரிப்பு எப்போது நின்றதென்று எனக்குத் தெரியவில்லை. அவமானத்தில் ஏற்கனவே சூடாகியிருந்த என் காது இன்னும் சூடாயிற்று. அது அவமானத்தால் மட்டுமல்ல.

எழுத்தாளர் தன் கதிரையை அவள் பக்கம் திருப்பினார். "எனக்கும் அப்பிடி முடிக்கத்தான் ஆசை, தங்கச்சி. எழுதிப் பாத்தேன். கை போகல்ல" என்றார். பிறகு, "அந்தப் போத்தல் கதைய முதல்லருந்து செல்லுங்களேன், கேப்போம்" என்றார்.

பரீனா சொன்னாள். நான் ஒரு கதிரை தேடி உட்கார்ந்து கேட்டேன். சபையில் அதைக் கவனித்தவர் யாருமில்லை.

அடுத்த மாதத்திலிருந்து வாசகர் வட்டத்தில் பரீனாதான் பேசினாள். எனக்கும் ஒரு பொறுப்பைத் தந்தார்கள்: கூட்டம் முடிந்ததும் கதிரைகளை அடுக்குவது. நூலக அட்டையிலும் பெயரை மாற்றினார்கள். புத்தகம் சுமப்பவன் மட்டும் மாறவில்லை.

வீட்டில் என் மகள்மார் இன்னும் இதை விடவில்லை. பரீட்சைப் பெறுபேறு, கரண்ட் பில், கல்யாணப் பேச்சு, எது வந்தாலும் ஒரே கேள்விதான். போன மாதம் எனக்கு இரத்தப் பரிசோதனை செய்தார்கள். மூத்தவள் முடிவு எழுதிய தாளோடு டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்தாள். "என்ன புள்ள போட்டிரிக்கி?" என்று கேட்டேன்.

அவள் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "வாப்பாக்கு எந்த முடிவு வேணும்? தாள்ல உள்ளதா, உம்மா செல்லுறதா?"

"களைப்பா இரிக்கி" என்றேன். "உம்மாவக் கூப்பிடு."