கூரை மூடாத கார்

பொத்தானை ஒன்பதாவது முறை அழுத்தியபோது காரின் கூரை ஒரு சாண் எழும்பி, முனகிவிட்டு, மறுபடி பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. குமாஸ்தாவும் முனகினார். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

ஐம்பது வயதில் ஆசைப்பட்டு வாங்கிய, கூரை திறக்கிற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. ஏறுவதற்கு மடங்க வேண்டும். இறங்குவதற்கு யாராவது கை கொடுக்க வேண்டும். காற்றில் பறக்க விடலாமென்றால் தலையில் முடியும் இல்லை. வாங்கிய அன்று மனைவி ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் அவருக்கு இன்றுவரை உறுத்தல்.

எதிர்வீட்டு மாடியிலிருந்து அந்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இன்னிக்கு மழை வராதுல்ல? மெத்தையைக் காயப் போடலாமா?"

"எனக்கெப்படிம்மா தெரியும்?"

"வானிலை ஆபீஸ்லதானே இருக்கீங்க?"

"நான் லீவு செக்‌ஷன்மா. யார் எத்தனை நாள் லீவுன்னு எழுதறவன்."

"சும்மா சொல்லாதீங்க. கூரையைத் திறந்து போட்டிருக்கீங்களே, அது போதும் எனக்கு."

பத்து மணிக்கு வானொலியும் மழை இல்லை என்றது. பன்னிரண்டு மணிக்குக் கொட்டு கொட்டென்று கொட்டியது. மெத்தை நனைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அன்றுதான் சுவருக்கு அடித்த பெயின்ட், சாக்கடை வரைக்கும் ஓடியது. குமாஸ்தா ஆபீஸ் வாசலில் நின்று, சீட்டில் தேங்கிய தண்ணீரைத் தன் டிபன் டப்பாவால் மொண்டு கொட்டினார். மாலையில் தெருவே அவர் வீட்டு வாசலில் நின்றது.

"வானொலியும்தான் மழை இல்லைன்னு சொல்லிச்சு!" என்றார் பரிதாபமாக.

"வானொலி ஆயிரம் சொல்லும். நாங்க உங்களைத்தானே நம்பினோம்!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மறுநாள் ஆபீசுக்குப் புகார் போனது. டைரக்டர் கூப்பிட்டனுப்பினார்.

"உங்க கார் கூரை ஏன் திறந்திருந்தது?"

"ரிப்பேர் சார். மூட மாட்டேங்குது."

"ரிப்பேரா?" டைரக்டரின் முகம் சுருங்கிப் போனது. "முதல்ல அதைச் சரி பண்ணுங்க. இன்னொரு புகார் வந்துதோ, மலை உச்சி நிலையத்துக்கு மாத்திடுவேன். அங்க மழை அளக்கிற குடுவையும் நீங்களும்தான்."

வீட்டில் சொன்னார்.

"போறதுன்னா நீங்க மட்டும் போங்க. எனக்கு இங்க பள்ளிக்கூட வேலை இருக்கு," என்றாள் மனைவி.

அவள் இல்லாவிட்டால் தன் மூக்குக் கண்ணாடி எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. உண்மையாகவே பயந்துபோனார்.

மெக்கானிக் அரை நாள் மல்லுக்கட்டிக் கூரையை மூடினார். "மூடியாச்சு சார். இனிமே திறக்கணும்னு மட்டும் கேக்காதீங்க."

அடுத்த ஆறு நாளும் வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் காருக்குள் வெந்தார். தெருக்காரர்கள் குடையும் கையுமாகத் திரிந்தார்கள். காயாத துணியை வீட்டுக்குள்ளேயே கட்டிப்போட்டு, ஜன்னல் வழியாக அவரை முறைத்தார்கள்.

கண்ணில் பட்டால்தானே வம்பு? பெரிய தார்ப்பாய் ஒன்று வாங்கினார். வீட்டிலும் ஆபீசிலும் காரைப் போர்த்தி, நாலு பக்கமும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்.

ஒரே நாளில் தெருமுனைக் கடையில் மெழுகுவர்த்தி தீர்ந்துவிட்டது.

"புயல் எத்தனை மணிக்குண்ணே?" எதிர்வீட்டுக்காரி மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"காக்கா எச்சம் படக்கூடாதுன்னு கட்டினதும்மா!"

"எங்ககிட்டயே மறைக்கிறீங்களே. எங்க வீட்லயும் குழந்தைங்க இருக்கு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று ஓர் இலைகூட அசையவில்லை. இரண்டாவது புகாரில் முப்பது கையெழுத்து இருந்ததாகக் கேள்விப்பட்டார்.

அலுத்துப்போய் நேராக மெக்கானிக்கிடம் போனார். "காரை நீங்களே வெச்சுக்குங்க. காசே வேண்டாம்."

"யோசிச்சுச் சொல்றேன் சார்," என்றார் மெக்கானிக். அப்புறம் குமாஸ்தாவின் முகத்தைப் பார்த்து மனம் இரங்கிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். இடுப்பு வலிக்கவில்லை. யாரும் அவரிடம் மழையைப் பற்றிக் கேட்கவில்லை. இந்த நிம்மதியை எத்தனை நாள் அனுபவிக்க விடுவார்களோ என்பதுதான் கவலை.

ஆபீஸ் வாசலில், டைரக்டருக்கு டீ கொண்டுபோகும் அட்டெண்டர் அவரைத் தேடி ஓடிவந்தார்.

"சார், டைரக்டர் உங்களைக் கூப்பிடறார். சீக்கிரம்!"

"மலைக்கு மாத்தி ஆர்டர் போட்டுட்டாரா?" என்றார் குமாஸ்தா.

"ஆர்டராவது ஒண்ணாவது! உங்க காரைக் காணோம்னு ஒன்பது மணியிலேர்ந்து ஜன்னல்கிட்டயே நிக்கிறார் சார். கூரையைப் பாக்காம எப்படி வானிலை அறிக்கை எழுதறதுன்னு கத்தறார்!"