சராசரித் துடிப்பு

மேலாளர் தாளைத் திருப்பி வைத்து, சிவப்பு மையால் வட்டமிட்டிருந்த இடத்தைப் பேனாவால் தட்டினார். போன மாதம் 172. இந்த மாதம் 158.

"இது என்ன கோச்?"

"மைதானத்தை ஆறு சுத்து ஓடும்போது பசங்க இதயம் நிமிஷத்துக்கு எத்தனை தடவை அடிக்குதுன்னு கணக்கு சார். பதினெட்டு பேருக்கும் சராசரி."

"அது தெரியுது. ஏன் இறங்குதுன்னு கேட்டேன்."

பயிற்சியாளருக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடித்திருந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பாட்டில் தொழிற்சாலையின் கால்பந்து அணி அது. காலையில் பெட்டிகளில் பாட்டில் அடுக்குகிறவர்கள்தான் மாலையில் ஆடுகிறவர்கள். முதலாளி ஆளுக்கொரு மார்புப் பட்டை வாங்கிக் கொடுத்திருந்தார். பட்டையின் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்து நெஞ்சோடு ஒட்டினாற்போல் கட்ட வேண்டும். காய்ந்திருந்தால் துடிப்பைப் பிடிக்காது. நடுவில் நாணயம் அளவுக்கு ஒரு கருவி. ஒவ்வொருவனுடைய துடிப்பும் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளரின் டேப்லெட்டில் எண்ணாக வந்து விழும். முதலாளிக்கு ஒரு டயர் தொழிற்சாலையும் உண்டு. அங்கேயும் ஓர் அணி, அங்கேயும் இதே பட்டைகள். வருடத்துக்கு ஒரு முறை இரண்டு அணிகளும் கோப்பைக்காக மோதும். போன வருடம் பாட்டில் அணி இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்திருந்தது.

"ஒரு தொட்டித் தண்ணிய டம்ளரால இறைச்சா நூறு தடவை மொள்ளணும் சார். வாளின்னா பத்து தடவை போதும். பயிற்சி பண்ணப் பண்ண இதயம் டம்ளர்லேருந்து வாளியா மாறுது. ஒரு அடிக்கு நிறைய ரத்தம் போகுது. அதனால அடி குறையுது. இது இறங்கினா நமக்கு நல்லது."

மேலாளர் வெகுநேரம் யோசித்தார்.

"அப்ப சோம்பேறிக்கு ஏறும், உழைக்கிறவனுக்கு இறங்கும்."

"அதேதான் சார்."

"அப்படி ஒரு மெஷினத்தான் வாங்கியிருக்கீங்கன்னு நான் முதலாளிகிட்ட போய்ச் சொல்லணும்."

கோப்பை ஆட்டத்துக்கு இன்னும் எட்டு வாரம் இருந்தது. அதற்குள் சராசரி 170-ஐத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் புது ஆள் வருவார் என்று மேலாளர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வேலை போனால் வீடும் போகும். தொழிற்சாலைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு, வேலையோடு சேர்த்துக் கொடுத்தது. மகளுக்கு அந்த வருடம் பள்ளி இறுதித் தேர்வு. மனைவி நர்ஸ், ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி.

மறுநாளே அணியைக் கிடங்குக்குக் கூட்டிப்போனார். நான்கு மாடி. ஆளுக்கொரு மணல் மூட்டையைத் தோளில் ஏற்றி, படியேறி இறங்கச் சொன்னார். முதல் வாரம் எண் 169-க்குப் போனது. அவர் நிம்மதியாகத் தூங்கினார். மூன்றாவது வாரம் அது 151-க்கு இறங்கியது. வாளி அண்டாவாகிக்கொண்டிருந்தது. பையன்கள் மூட்டையோடு ஏறிக்கொண்டே சினிமா பற்றிப் பேசினார்கள்.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தார். ஒருநாள் மேலாளர் எதற்கோ மைதானத்துப் பக்கம் வந்தார். சும்மா நின்றுகொண்டிருந்தவர்களின் எண்கள்கூட எண்பதிலிருந்து நூற்றிருபதுக்குத் தாவின. பட்டைக்குத் துடிப்பு மட்டும்தான் தெரியும்; காரணம் தெரியாது. ஓடினாலும் அதே எண், பயந்தாலும் அதே எண்.

தினமும் வந்து உட்கார முடியுமா என்று மேலாளரிடம் கேட்டார். மேலாளருக்குப் பெருமை. எல்லைக்கோட்டில் ஒரு நாற்காலி போட்டார்கள். முதல் நாள் 166. இரண்டாம் நாள் 160. நான்காம் நாள் கோல்கீப்பர் ஓட்டத்தின் நடுவில் நின்று, அவரிடம் விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். அன்று 148. அதுவரை தாளில் மட்டும் பார்த்த சரிவை மேலாளர் இப்போது கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

"நான் உக்காந்திருக்கும்போதே இறங்குது கோச்" என்றார். நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு போனார்.

அன்று சாப்பிடும்போது பயிற்சியாளர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சீருடையைக்கூட மாற்றியிருக்கவில்லை.

"துடிப்பு ஏறணும்னா எங்க வார்டுக்கு அனுப்புங்க. மூணு வாரம் படுத்தே கிடந்தவர எழுப்பி நாலு அடி நடக்க வச்சேன். நூத்தி நாப்பது."

அவர் கை தட்டிலேயே நின்றது.

"விளையாட்டுக்குச் சொன்னேங்க" என்றாள் மனைவி.

"தெரியும்."

"அந்த முகத்தைப் பார்த்தா தெரிஞ்ச மாதிரி இல்லையே."

உள்ளறையில் மகள் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் அதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். பிறகு கை கழுவினார்.

மறுநாளிலிருந்து பயிற்சி நின்றது. பையன்கள் மாலையில் வருவார்கள், மரத்தடியில் உட்காருவார்கள், போவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் பட்டையை நனைத்துக் கட்டி ஆறு சுற்று ஓடுவார்கள். இருபது வருடத்தில் அவர் செய்த எந்தப் பயிற்சியும் இவ்வளவு துல்லியமாகப் பலித்ததில்லை. முதல் வாரம் 155. இரண்டாம் வாரம் 163. நான்காம் வாரம் 174. அண்டா வாளியாகி, வாளி டம்ளராகிக்கொண்டிருந்தது.

மேலாளர் அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டினார். ஒரு நகலை முதலாளிக்கு அனுப்பினார், இன்னொன்றை டயர் தொழிற்சாலைக்கு. முதலாளி போனில் பேசியதாகச் சொன்னார். வேலை நிச்சயம் என்றார்.

அணித் தலைவன் அணியிலேயே மூத்தவன். எல்லோரும் அவனைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மாலை அவன் தனியாக வந்தான்.

"நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டமா சார்?"

"இல்லப்பா."

"பந்தையாவது எடுத்துக் குடுங்களேன். சும்மா தட்டிட்டிருக்கோம்."

பந்து இருந்த அறையின் சாவி பயிற்சியாளரின் சட்டைப் பையில் இருந்தது. அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டு, காற்று இறங்கியிருக்கிறது என்று சொன்னார். சித்தப்பா தலையாட்டிவிட்டுப் போனான். நம்பவில்லை, மரியாதைக்காகப் போனான்.

கோப்பை ஆட்டத்தன்று வெயில் அதிகமில்லை. இருந்தும் பத்தாவது நிமிடத்திலேயே சித்தப்பா இடுப்பில் கை வைத்து நின்றான். டயர் அணி ஓடியது. அவசரமில்லாமல், மூச்சு வாங்காமல், மாலை நடைக்குப் போகிறவர்களைப்போல வந்து வந்து கோல் போட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் ஆறுக்குப் பூஜ்யம். கோல்கீப்பர் வலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். பயிற்சியாளர் ஒவ்வொருவனுக்கும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். எவன் கண்ணையும் பார்க்கவில்லை.

மேலாளர் டேப்லெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது.

"நூத்தி எண்பத்தொண்ணு கோச். முதலாளி எழுந்து நின்னுட்டாரு. தோத்தா என்ன, உழைப்புன்னா இதுதான் உழைப்புன்னாரு."

அவர் போன பிறகு, எதிர்ப்பக்கத்திலிருந்து டயர் அணியின் பயிற்சியாளர் மைதானத்தைக் குறுக்காகக் கடந்து வந்தார். வயதானவர், மெலிந்தவர். ஜெயித்த முகமாக இல்லை. இவர் கை கொடுத்து, நல்ல ஆட்டம் என்றார். வந்தவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, கயிற்றை அதன்மேல் சுற்றி, இவர் உள்ளங்கையில் வைத்தார்.

"திங்கட்கிழமையிலேருந்து எங்க டீமுக்கும் நீங்கதானாம். இப்பத்தான் சொன்னாங்க. என்னை அனுப்பிட்டாங்க."

"ஜெயிச்சிருக்கீங்களே சார்."

"ஜெயிச்சோம். நூத்தி முப்பத்தாறுதான் வந்துது."

இருவரும் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே டயர் அணி கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேர்வைகூட அரும்பாமல், இன்னொரு சுற்று ஓடிக்கொண்டிருந்தது.

"நல்ல பசங்க சார்" என்றார் வயதானவர். "கெடுக்கறப்ப கொஞ்சம் பார்த்துக் கெடுங்க."