அழாதவன் மனுஷனே இல்ல

கணினித் திரையில் எடிட்டருடைய மாமனாரின் வாய் பாதி திறந்தபடி நின்றது. அதற்கு மேல் அவரைப் பேசவிட்டால் படம் கவிழ்ந்துவிடும்.

"இந்தப் படத்தைப் பார்த்து அழாதவன் மனுஷனே இல்ல!" என்றிருந்தார். அதையடுத்து, "அப்படி ஒரு கண்றாவி!"

தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டியபோது எல்லோருமே திட்டியிருந்தார்கள். இவ்வளவு அழகாகத் திட்டியவர் இவர் ஒருவர்தான். போதாக்குறைக்கு, எடிட்டர் கொடுத்த ஓசி டிக்கெட்டில் போனவர்.

"சாயங்காலத்துக்குள்ள ஒரு நல்ல வார்த்தை வேணும்ப்பா. இல்லன்னா நாளைக்கே படத்தைத் தூக்கிடுவாங்க," என்றார் முதுகுக்குப் பின்னால் நின்ற தயாரிப்பாளர்.

எடிட்டர் கண்றாவியை மட்டும் வெட்டினான். மாமனார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். பொய் சொன்ன பையன்களை நாள் முழுக்க வெளியே நிற்கவைத்தவர். விளம்பரமெல்லாம் அவர் கண்ணில் எங்கே படப்போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, அப்பா உங்க படத்தைப் பார்த்து அழுதாராமே? அவரே சொல்லிட்டாருன்னு அவங்க தெருவே டிக்கெட் போட்டிருக்கு!"

அவன் தயாரிப்பாளரிடம் ஓடினான். விளம்பரத்தை எடுத்துவிடலாம் என்று கெஞ்சினான்.

"எடுக்கறதா? தெய்வம்ப்பா அவரு!" என்றார் தயாரிப்பாளர்.

முகத்தையாவது மங்கலாக்கினான். யாரோ தேடப்படும் குற்றவாளி என்று நினைத்த ஜனம், பழைய விளம்பரத்தைத் தோண்டியெடுத்து முகத்தோடு பரப்பியது. குரலை மாற்றினான். மாமனார் வாத்து மாதிரிப் பேசினார். அதைப் பாட்டாக்கி ஊரே ஆடியது.

மாலைக் காட்சி முடிந்ததும் தெரு நேராக மாமனார் வீட்டுக்குப் போனது. எடிட்டர் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தபோது கூடத்தில் கால் வைக்க இடமில்லை.

"உங்களை நம்பித்தானே சார் போனோம்!" என்றார் எதிர்வீட்டுக்காரர். "இடைவேளையில எங்கம்மா என்னை அறைஞ்சுட்டாங்க சார், இந்த வயசுல!"

"உண்மையைச் சொல்லுங்க சார். எவ்வளவு வாங்குனீங்க?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மாமனார் நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அந்தத் தலை குனிந்து அவன் பார்த்ததே இல்லை. பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"மாமா மேல தப்பில்லைங்க. அவரு கண்றாவின்னுதான் சொன்னாரு. நான்தான் வெட்டினேன்."

கைப்பேசியில் முழுப் பேச்சையும் போட்டுக் காட்டினான்.

எதிர்வீட்டுக்காரர் கைகூப்பினார். "மன்னிச்சுக்குங்க சார். பார்த்ததைப் பார்த்தபடி சொல்ற மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டோமே!"

மாமனாரின் தலை நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

எடிட்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்க பேரையே கெடுத்துட்டேன் மாமா. நாலு அறை வேணும்னாலும் அறைஞ்சுடுங்க. இப்படி இருக்காதீங்க."

சமையலறை வாசலில் நின்றிருந்த மாமியாருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"விடுங்க மாப்பிள்ளை. அவங்க மைக்கை நீட்டினப்போ நாங்க உள்ளதான் போய்க்கிட்டிருந்தோம். இவ்வளவு திட்டிட்டு எப்படிப் போய் உட்கார்றதுன்னு கூச்சப்பட்டு, அப்படியே வீட்டுக்குத் திரும்பிட்டாரு."