மழைவிரோதியின் கண்ணாடித் துண்டு

கரிசல் பூமியில் மழையைத் திட்டிவிட்டு உயிரோடு நடமாடிய ஒரே மனிதர் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். கோவில்பட்டித் தீப்பெட்டி முதலாளிகளுக்கும் ஈரம் ஆகாது. ஆனாலும் அவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். இவர் நடுத்தெருவில் நின்று சொல்வார். தெரு அவருக்கு மழைவிரோதி என்று பெயர் வைத்துவிட்டது.

சென்னையில் சூரிய மின்கல ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். சிலிக்கானுக்குப் பதிலாகப் பெரோவ்ஸ்கைட் என்று ஒரு பொருள். "பெயின்ட் அடிக்க மாதிரி கண்ணாடியில பூசுனாப் போதும் அண்ணாச்சி. செலவு கம்மி. நம்மூரு வெயிலுக்கு வீட்டுக்கு வீடு கரண்டு!" என்பார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரே குறை, ஈரம் பட்டால் அந்தக் கறுப்புப் பூச்சு மஞ்சளாகிச் செத்துப்போகும். சென்னைக் கடல்காற்றில் எல்லாம் மஞ்சள். தீப்பெட்டியே நமத்துப்போகாத ஊர் என்று இங்கே மூட்டை கட்டி வந்துவிட்டார்.

அன்றைக்கு எனக்குச் சனி பிடித்தது. மாடியின் மேற்கு மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டு வெயில் காயும். அதற்காக நான் மாடியில் துணி காயப்போடக் கூடாது. கீழே இட்லிக் கொப்பரையைத் திறந்தால் மேலிருந்து குரல் வரும். "அண்ணாச்சி, ஆவி மேல வருது! சன்னலைச் சாத்துங்க!" வாசல் தெளிக்கப் போன என் மனைவியிடம், "மதினி, கொஞ்சமாத் தெளிங்க" என்று கெஞ்சியிருக்கிறார். வாடகைக்கு இருப்பது அவரா நானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நாகலாபுரத்தில் மழையை மட்டும் நம்பி மானாவாரி விவசாயம் பார்க்கும் அவருடைய அப்பா போனில், "ஏலே, அங்கன மழை உண்டா?" என்பார்.

"நல்லவேளை, இல்லப்பா!"

அந்தப் பக்கம் போன் பட்டென்று அணைந்துவிடும்.

ஆறு மாதம் கழித்து, கறுப்பு மாறாத துண்டைப் படமெடுத்துத் தன் பேராசிரியருக்கு அனுப்பினார். பதில் வந்தது. கோவில்பட்டியில் கறுப்பாக இருப்பது பெரிய காரியமில்லை. ஒரு மழைக்காலத்தைத் திறந்தவெளியில் தாங்கட்டும், இல்லையென்றால் இந்த ஆராய்ச்சியை மூடிவிடலாம்.

கண்ணாடி விளிம்பைப் புதுப் பசையால் அடைத்துவிட்டு, ஐப்பசி முழுக்க மனிதர் வானத்தையே பார்த்தார். மழை எட்டிப்பார்க்கவில்லை. "எட்டயபுரத்துல தூறுதாம்லா? இங்கன என்ன கேடு?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். மழையை நானா பூட்டி வைத்திருக்கிறேன்?

கார்த்திகையில் ஒரு மாலை கொட்டித் தீர்த்தது. பழகின புத்தி, குடையோடு ஓடிப்போய்த் துண்டை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"குடையை எடுங்க அண்ணாச்சி! நனையட்டும்!"

"மஞ்சளாயிட்டா?"

"ஆனா ஆவுது!" என்றார். குடையை மடக்கினேன். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தபடி அந்தத் துண்டுக்குக் காவல் நின்றோம். போன் அடித்தது.

"ஏலே, அங்கன மழை உண்டா?"

"கொட்டுதுப்பா! நல்லாக் கொட்டுது!"

அப்பாவும் மகனும் ஒரே மழைக்குச் சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மழைக்காலம் முடிந்தபோது, துண்டின் ஓரத்தில் கடுகளவு மஞ்சள், மற்றதெல்லாம் கறுப்பு. பேராசிரியர் ஆராய்ச்சியை மேற்கொண்டு செய்யச் சொல்லிவிட்டார். "கடுகளவுதான அண்ணாச்சி, அடைச்சிரலாம்" என்று சென்னைக்குக் கிளம்பிவிட்டார் மழைவிரோதி.

இப்போது மாடி முழுக்க என் ராஜ்ஜியம். ஆவி பறக்க இட்லி வேகிறது, அதட்ட ஆளில்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. துணிக்கொடியும் கட்டியாயிற்று, அந்த மேற்கு மூலையை மட்டும் விட்டுவிட்டு. அவர் அடுத்த துண்டோடு வந்து நின்றால், அதன்மேல் நிழல் விழக் கூடாது பாருங்கள்.