வேலிக்கு அப்பால் ஒரு கொலை

அறுபத்தெட்டாம் வருஷத் தவசுகாலம் முழுக்க ஊர்காவற்றுறைப் பஸ்ரியாம்பிள்ளைக்கு ஒரே ஒரு கவலை. ராசாவின் பொக்கிஷக்காரனைக் கொன்றது ஆர்?

கடலுக்குப் போய்வருகிற மனிசன்தான். ஆனாலும் ராசா காலத்துத் துப்பறியும் கதை ஒன்று கையில் கிடைத்தால் போதும், வலை, வள்ளம், மண்ணெண்ணெய்ப் போத்தல் எல்லாம் மறந்துபோகும். குதிரையில் ஏறிவிடுவார். கோட்டைக்குள்ளே அவரை 'இஞ்சேருங்கோ' என்று மனைவி மாதிரி வேலைக்குக் கூப்பிட ஒருத்தரும் இல்லை. அந்தச் சுகம் இருக்கே, சொல்லி முடியாது!

அப்படி ஒரு கதையில், பூட்டிய அறைக்குள் பொக்கிஷக்காரன் செத்துக் கிடக்கிறான். ஒற்றன் மாறவேள் மூன்று பேரைச் சந்தேகிக்கிறான். சரியாக அந்த இடத்தில் சாம்பல் புதன் வந்து சேர்ந்தது. நாற்பது நாளைக்கு எதை விடப்போகிறீர்கள் என்று சுவாமியார் ஒவ்வொருவராய்க் கேட்டார். மனைவி மரியநாயகி "இவர் கள்ளை" என்று வாயெடுப்பதற்குள் பஸ்ரியாம்பிள்ளை முந்திக்கொண்டார். "நான் கதைப் புத்தகம் வாசிக்க மாட்டன், சுவாமி." கள் தப்பியது. மனிசன் மாட்டிக்கொண்டார்.

நாலு நாள் தாங்கினார். ஐந்தாம் நாள் இரை கொளுவாமலே தூண்டிலைக் கடலில் விட்டார். சிலுவைப்பாதையின் பதினாலு நிலையிலும் அவருக்கு அந்த மூன்று சந்தேகக்காரர்தான் தெரிந்தார்கள். இப்படியே போனால் பெரிய வெள்ளிக்கு முன்னம் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்தே போனார். பயத்தில் ஒரு யோசனை பிறந்தது. குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த மரியநாயகியிடம் போனார்.

"என்னப்பா, நான் வாசிக்க மாட்டன் எண்டுதானே சொன்னனான்? கேக்க மாட்டன் எண்டு சொல்லேல்லையே."

"அதுக்கு?"

"நீர் வாசியும். நான் கேக்கிறன்."

மரியநாயகி மீன் வெட்டின கையை அவசரப்படாமல் ஆறுதலாகக் கழுவினாள்.

"சும்மா இருந்து வாசிக்க எனக்கு எங்கை நேரம்? வேலி உக்கிப்போய்க் கிடக்கு. அதை அடைச்சுக்கொண்டு கேளுங்கோ."

"அதுக்கென்ன, ஓம்!" வென்றுவிட்டேன் என்று அவருக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை.

மறுநாளே தொடங்கியாயிற்று. பனையோலையை வரிசையாக வைத்து, இவர் உள்ளே நின்று குத்தூசியைக் குத்துவார். மரியநாயகி வெளியே இருந்து ஊசிக்கண்ணில் கயிற்றைக் கோத்துவிடுவாள். ஊசி திரும்பி வரும். கதையும் வரும். ஓலை மறைப்பில் குரல் மட்டும்தான்.

"பொக்கிஷ அறைக்குக் கீழை ஒரு சுரங்கம். மாறவேள் விளக்கோடை இறங்கினான். அங்கை ஒரு பொம்பிளையின்ரை கொலுசு கிடந்தது."

"கொலுசோ! ஆரின்ரை?"

"உதிலை கட்டு இளகிக் கிடக்கு. இறுக்குங்கோ, சொல்லுறன்."

இறுக்கினார். கொலுசு ராசாவின் மச்சாளுடையது. அடுத்த நாள் மச்சாளையும் ஆரோ கொன்றுவிட்டார்கள். ஐயோ! சந்தேகக்காரர் மூன்று பேர் ஏழு பேரானார்கள். வேலி தெருப்பக்கத்திலிருந்து கிணற்றடிக்கு வந்தது. பக்கத்து வீட்டு அல்போன்சம்மாவும் வெளியே வந்து குந்தியிருந்து கேட்கத் தொடங்கினாள். அவள் இடைக்கிடை ஏன் சிரிக்கிறாள் என்றுதான் இவருக்கு விளங்கவில்லை. கொலைக் கதையில் சிரிக்க என்ன இருக்கு?

பெரிய வியாழன் பகல், பின்வேலியின் கடைசிக் கட்டு. சுரங்கத்தின் முடிவில் ஓர் இரும்புக் கதவு. உள்ளேயிருந்து ஆரோ தாழ்ப்பாளை இழுக்கிறார்கள்.

"கதவு மெல்லத் திறந்தது..."

"ஆர்? ஆரப்பா?"

"கோயிலுக்கு நேரமாச்சு. இனி உயிர்த்த ஞாயிறு பூசை முடிஞ்சதும் நீங்களே வாசியுங்கோ."

மூன்று நாளும் அவர் உயிர் அவரிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவந்து, அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்தார். சாம்பல் புதனுக்கு முன்னம் தான் விட்ட இடத்துக்கு அடுத்த பக்கத்திலேயே சமையற்காரன் "நான்தான் கொன்றேன்" என்று அழுகிறான். மிச்சமெல்லாம் ராசா மகளின் கலியாணம். சுரங்கம் இல்லை. கொலுசு இல்லை. ராசாவுக்கு மச்சாளே இல்லை!

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு கையாலும் கயிறு கோத்தவள் புத்தகத்தை எந்தக் கையால் பிடித்தாள்? முப்பது வருஷமாய்த் துப்பறிகிற மனிசனுக்கு இது தெரியாமல் போச்சே!

கொதித்துக்கொண்டு குசினிக்குப் போனார். ஏமாத்துக்காரி என்று கத்தத்தான் வாயைத் திறந்தார்.

"இஞ்சேரும்... அந்தக் கதவைத் திறந்தது ஆரப்பா?"

மரியநாயகி நிமிர்ந்து, ஓலை உக்கிக் கிடந்த முகட்டைப் பார்த்தாள்.

"அது கூரை வேயேக்கைதான் தெரியும்."