உப்பளத்தில் மழை பெய்த படம்

உலகத்தில் ஸ்டவ் அண்ணன் திட்டாத பொருள் என்று எதுவும் பாக்கி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சைக்கிள் பஞ்சர் கடை வைத்திருந்தவர். பம்ப் அடித்த ஸ்டவ் மாதிரி எந்நேரமும் சீறிக்கொண்டே இருந்ததால் ஊர் வைத்த பெயர் அது. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். பஞ்சரான வண்டியைக் கொண்டுபோனால் முதல் திட்டு டயருக்கு, அடுத்தது ரோட்டுக்கு, கடைசியாகப் பிடுங்கிய ஆணிக்கு. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "ஏம்பா, உனக்குப் படுக்க வேற எடமே கெடைக்கலியா?" என்று கேட்பார். பதில் வரும்வரை முறைத்துக்கொண்டிருப்பார்.

நான் அப்போது ஒரு உப்புக் கம்பெனியில் குமாஸ்தா. அவர் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் குடியிருந்தேன். தினமும் காலையில் அவர் காற்றடிக்கும் பம்பைத் திட்டும் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும்.

அவர் திட்டாத ஒன்று இருந்தது என்றால், அது எப்போதோ ஒரு வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை. மேகத்தின் மகள் ஒருத்தி உப்பளத்துக் கூலிக்காரன் மேல் ஆசைப்படுகிறாள். அவள் கிட்டே வந்தால் மழை வரும், மழை வந்தால் அவன் உப்பு கரைந்துபோகும். அதனால் ஆசையை அடக்கிக்கொண்டு தள்ளியே நிற்கிறாள். கல்யாணமான புதிதில், மழைக்கு அளம் மூடிக்கிடந்த மாதங்களில், அண்ணன் இதை வாராவாரம் மனைவி செல்விக்குப் படித்துக் காட்டினார். செல்வி அக்கா உப்பு வாரும் வேலைக்குப் போகிறவர். அவர் சொல்லிச் சொல்லி அளத்துப் பெண்கள் எல்லாருக்கும் கதை மனப்பாடம்.

2006 கோடையில் அது படமாக வந்தது. வந்த நேரம் சரியில்லை. சில நாள் முன்புதான் குழம்பில் உப்பில்லை என்று அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டிருந்தார். "பொழுதுக்கும் உப்புல நிக்கிறவகிட்ட உப்பு இல்லன்றியா?" என்று கேட்டுவிட்டு, அக்கா பெருமுக்கலில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

தூது போனவன் நான். "அக்கா, நம்ம கத படமா வந்துருக்குது. அண்ணன் உங்களக் கூட்டியாரச் சொன்னாரு" என்றேன்.

"படம் பாக்க வர்றேன். அந்தாளு படிச்சுக் காட்டுன மாதிரி இருந்தா வூட்டுக்கு வர்றேன். இல்லாட்டி கொட்டாயிலேர்ந்து நேரா பஸ் ஏறிடுவேன். இத அப்படியே சொல்லிடு தம்பி."

அப்படியே சொன்னேன். அன்று முழுக்க அண்ணன் யாரையும் திட்டவில்லை. வந்தவர்கள் உடம்பு சரியில்லையா என்று என்னிடம் விசாரித்தார்கள்.

அந்தப் படத்தை எடுத்த மகானுபாவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கூலிக்காரன் வெளிநாட்டில் படித்த முதலாளியாகியிருந்தான். உப்பு விளையும் பாத்திக்குள் பூட்ஸ் போட்டு ஆடினான். எங்கள் ஊரில் செருப்போடு கால் வைத்துப் பார்க்கட்டும், மேஸ்திரி காலை ஒடித்துவிடுவார். உப்பு அம்பாரத்தின் மேல் கதாநாயகி உருண்டாள். உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று ஒரு ஆளுக்காவது தோன்ற வேண்டாமா? இத்தனையும் பொறுத்துக்கொண்டோம். கடைசிக் காட்சியில் மேகத்தின் மகள் நேராக இறங்கி வந்து, அளம் நிறைந்து கிடந்த உப்பின் மேல் கொட்டோ கொட்டென்று கொட்டினாள். அதைப் பார்த்துக் கூலிக்காரர்கள் எல்லாரும் சந்தோஷமாக ஆடினார்கள்.

போன வருஷத்து மழையில் அளத்தையே பறிகொடுத்த சனம் கொட்டகையில் உட்கார்ந்திருந்தது. "அடப்பாவிங்களா, உப்பு போச்சே" என்று ஒரு அம்மா மார்பில் அடித்துக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் செல்வி அக்கா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

அண்ணன் ஒரே ஓட்டமாகத் திரைக்கு முன்னால் போய் நின்றார். அவர் இஸ்திரிச் சட்டையின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது.

"டேய், நிறுத்துங்கடா. உப்பளத்தான் மழைக்கு ஆடுவானாடா? அவ வரமாட்டாடா. பனமரம் வரிக்கும் வருவா. வெள்ளையா உப்பு கெடக்குறதப் பாப்பா. அப்படியே திரும்பிப் போயி கடல்ல பெஞ்சிட்டுப் போயிடுவா. அவன் பாத்தியில நின்னு பாத்துக்கினே இருப்பான். அவன் பொழைக்கணும்னுதான அவ போறா. அது கூடத் தெரியாம…"

ஸ்டவ் அணைந்ததை ஊர் அன்றுதான் பார்த்தது. அழுதார், பெரிய ஆள் அத்தனை பேர் முன்னால் நின்று அழுதார். யாரும் சிரிக்கவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அப்புறம் ஐப்பசியில அளம் மூடினதும் வந்துடுவா. அத வுட்டுட்டியே."

"வருவாளா?" என்றார் அண்ணன்.

"வருவா. மொதல்ல எறங்கி வா. குழம்புக்கு இனிமே நீயே உப்பு போட்டுக்க."

வெளியே வந்தால் அண்ணனின் சைக்கிள் பின்சக்கரத்தில் ஒரு பெரிய ஆணி. அவர் குனிந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு அக்காவோடு நடந்தார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய், அவருக்காக அந்த ஆணியை நான் திட்டினேன்.